சேலத்திலிருந்து ஒர்க்கிங் ஹாலிடே விசா: குலுக்கலுக்கு முன்னும் பின்னும்

ஐந்து ரோட்டிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். நகைக்கடை விளம்பரங்களுக்கு அடுத்தபடி கண்ணில் படுவது வெளிநாட்டுப் படிப்பு, வெளிநாட்டு வேலை என்ற பலகைகள்தான். அந்தப் பலகைகள் அவ்வளவாகப் பேசாத விசா ஒன்று இருக்கிறது. அதில் நடுவில் இருப்பவருக்குச் செய்ய வேலை அதிகம் இல்லை, கமிஷனும் இல்லை. அதுதான் ஒர்க்கிங் ஹாலிடே விசா.

விஷயம் இவ்வளவுதான். 18 முதல் 30 வயதுக்குள் இருப்பவர் வேறொரு நாட்டில் ஓராண்டோ ஈராண்டோ தங்கலாம். ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். போவதற்கு முன்பே வேலை உத்தரவு கையில் இருக்க வேண்டியதில்லை. ஸ்பான்சர் தேவையில்லை, கல்லூரியில் சேர்ந்து லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டவும் தேவையில்லை. அப்புறம் ஏன் எல்லோரும் போவதில்லை? இடங்கள் குறைவு, ஆட்களைக் குலுக்கலில்தான் எடுக்கிறார்கள். அதனால் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான்: பேர் விழும் என்று நம்பி வேலையை விடாதீர்கள், ஆனால் விழுந்தால் அன்றைக்கே ஓடத் தயாராக இருங்கள். கீழே வருவதெல்லாம் அந்தத் தயாரிப்புதான்.

எந்தெந்த நாடு

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இப்போது நம்பிப் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று பிரிட்டன். அங்கே இதற்கு இந்தியா யங் புரொபஷனல்ஸ் ஸ்கீம் என்று பெயர். 2021 மே மாதம் இரு நாடுகளும் செய்துகொண்ட குடிபெயர்வு உடன்பாட்டில் பிறந்து, 2023 பிப்ரவரியில் முதல் குலுக்கலைக் கண்டது. ஆண்டுக்கு 3,000 இடம். இரண்டு ஆண்டு வரை தங்கலாம்.

இன்னொன்று ஆஸ்திரேலியாவின் ஒர்க் அண்ட் ஹாலிடே விசா, எண் 462. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தில் இதற்கு வழி செய்தார்கள். 2024 அக்டோபரில் முதல் குலுக்கல் பதிவு நடந்தது. ஆண்டுக்கு 1,000 இடம், ஓராண்டு தங்கலாம். முதல் பதிவின்போது தொடக்க இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் மனுப் போட்டார்கள் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை உதவி அமைச்சரே சொன்னார். வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கனடா, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளும் இதே பெயரில் விசா தருகின்றன. ஆனால் அவர்கள் ஒப்பந்தம் போட்டிருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ‘கனடா ஒர்க்கிங் ஹாலிடே, ஐந்து பேருக்குத்தான் இடம் இருக்கிறது, இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுங்கள்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதில் போடாமல் பிளாக் செய்துவிடுங்கள்.

நீங்கள் தகுதியா

வயது இரண்டுக்கும் ஒன்றுதான். 31ஆவது பிறந்த நாளுக்கு முன்பு விசாவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். அங்கே போன பிறகு 31 ஆவதில் பிரச்சினை இல்லை.

படிப்பில் வித்தியாசம் உண்டு. பிரிட்டனுக்கு இளநிலைப் பட்டம் முடித்திருக்க வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.இ. எதுவானாலும் சரி. பாலிடெக்னிக் டிப்ளமோ மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவுக்குப் பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு உயர்கல்வி இருந்தால் போதும். ஆகவே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவரும் ஆஸ்திரேலியக் குலுக்கலில் பெயர் போடலாம்.

ஆங்கிலத் தேர்வு பிரிட்டனுக்கு வேண்டாம், ஆஸ்திரேலியாவுக்கு வேண்டும். ஆனால் கேட்பது குறைந்த மட்டம்தான்: ஐஇஎல்டிஎஸ் சராசரி 4.5. மாணவர் விசாவுக்கு 6, 6.5 என்று அலைகிறவர்களோடு ஒப்பிட்டால் இது சும்மா. கல்லூரிப் படிப்பு முழுவதும் ஆங்கில வழி என்றால், கால அளவையும் பயிற்று மொழியையும் குறிப்பிட்டுக் கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள், அதுவும் உதவும். தமிழ் வழியில் படித்தவர்கள் தேர்வு எழுதிவிடுவதே நல்லது.

குழந்தைகளை உடன் அழைத்துச் செல்ல இரண்டிலும் வழியில்லை. பிரிட்டன் இன்னும் கறார்: உங்களோடு வாழும் அல்லது உங்கள் பொறுப்பில் இருக்கும் 18 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தாலே தகுதி போய்விடும். கல்யாணம் ஆனவர் போகலாம், ஆனால் மனைவியோ கணவனோ தனியாகத் தன் பெயரைக் குலுக்கலில் போட்டு வர வேண்டியதுதான்.

பெயர்ச் சிக்கலை முதலில் தீருங்கள்

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பெயர் கவிதா, அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கவிதா எம்’. பெரியார் பல்கலைக்கழகச் சான்றிதழில் ‘எம். கவிதா’. ஆதாரில் வெறும் ‘கவிதா’, கீழே அப்பா பெயர். பான் கார்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் ‘கவிதா முருகேசன்’. பாஸ்போர்ட் எடுத்தபோது பிரவுசிங் சென்டர் அண்ணன் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, கிவன் நேம் கட்டத்தில் ‘கவிதா’ என்று மட்டும் அடித்துவிட்டார். உள்ளூரில் இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று யாருக்கும் தெரியும். விசா அதிகாரிக்குத் தெரியாது.

இதில் ஆஸ்திரேலியாவுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அந்தக் குலுக்கலில் இந்தியர்கள் பாஸ்போர்ட் எண்ணோடு பான் கார்டு எண்ணையும் தர வேண்டும். பாஸ்போர்ட் ஒரு பெயர், பான் ஒரு பெயர் என்று இருந்தால் தலைவலி அங்கேயே தொடங்கும்.

வழி என்னவென்றால், பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு இணங்கக் கொண்டுவாருங்கள். இன்னும் பாஸ்போர்ட் எடுக்காதவர் என்றால் உங்களுக்கு யோகம்: கிவன் நேம் ‘கவிதா’, சர்நேம் ‘முருகேசன்’ என்று இரண்டு கட்டத்தையும் நிரப்பி விண்ணப்பியுங்கள். பான் கார்டிலும் ஆதாரிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். முருகேசனில் ஆங்கில எழுத்து ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அதுவும் வித்தியாசம்தான். சான்றிதழ்களில் இனிஷியல் இருப்பதை மாற்ற முயன்று ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் அதைச் சேர்த்துக் காட்டலாம். அது தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

விசா படிவத்தை நிரப்பும்போது பாஸ்போர்ட்டில் இருப்பது இருக்கிறபடியே. அங்கே இல்லாத இனிஷியலை நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

சேலத்தில் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. போலீஸ் விசாரணை நீங்கள் தந்த முகவரிக்குத்தான் வரும். ஏற்காட்டில் வீடு, பெங்களூரில் வேலை என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஓசூர் தாண்டி இருந்தால், ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும் அன்று மலைக்கு ஏறி வந்து நிற்க வேண்டியிருக்கும். கைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறதென்றால் காலாவதித் தேதியைப் பாருங்கள். குலுக்கலில் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு நடுவில் புதுப் பாஸ்போர்ட் வாங்கும் நிலை வரக் கூடாது.

குலுக்கலில் பெயர் போடுவது

பிரிட்டனுக்குப் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஜூலையிலும். அதிக இடங்களைப் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுவார்கள். நம் நேரப்படி பிப்ரவரியில் பகல் 2.30 மணி, ஜூலையில் 1.30 மணி வாக்கில் திறந்து 48 மணி நேரத்தில் மூடிவிடுவார்கள். கட்டணம் கிடையாது. கேட்பது பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், பாஸ்போர்ட்டின் ஸ்கேன் அல்லது தெளிவான போட்டோ, போன் எண், மின்னஞ்சல். பத்து நிமிட வேலை. முதல் மணி நேரத்தில் போட்டவருக்கு முன்னுரிமை என்பதெல்லாம் இல்லை. முண்டியடிக்க வேண்டாம், கடைசி அரை மணி நேரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒருவர் ஒரு குலுக்கலில் ஒருமுறைதான் பெயர் போடலாம். முடிவு இரண்டு வாரத்துக்குள் மின்னஞ்சலில் வரும். அப்பீல் கிடையாது. வரவில்லையென்றால் அடுத்த குலுக்கல்.

ஆஸ்திரேலியாவுக்கு அவர்களின் உள்துறை இணையதளத்தில் இம்மிஅக்கவுண்ட் என்று ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், திரும்பக் கிடைக்காது. வெளிநாட்டுப் பரிவர்த்தனை செய்யக்கூடிய கார்டு தேவை. பல டெபிட் கார்டுகளில் அந்த வசதி அணைத்தே இருக்கும், வங்கிச் செயலியில் போய் முன்பே திறந்து வையுங்கள். பதிவு எந்த மாதம் திறக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், அதனால் அந்தத் தளத்தை அவ்வப்போது எட்டிப் பாருங்கள். ஒரு ஆண்டில் விழாதவர் அடுத்த ஆண்டு மறுபடி 25 டாலர் கட்டிப் புதிதாகப் பதிய வேண்டும்.

இரண்டிலும் போடலாமா? தாராளமாக. ஒன்றுக்கு மற்றொன்று இடைஞ்சல் இல்லை. தகுதி இருந்தும் ஒன்றில் மட்டும் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தரகர் தேவையா

குலுக்கலுக்குத் தேவையில்லை. கணினி பொறுக்கும் பெயரை யாரும் சிபாரிசு செய்ய முடியாது. ‘எங்கள் மூலம் போட்டால் சான்ஸ் அதிகம்’ என்பவர் சொல்வது பொய். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்று பிரவுசிங் சென்டரில் நூறு இருநூறு கொடுத்தால் அது நியாயமான கூலி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அங்கேயும் ஒன்றைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும்: மின்னஞ்சல் முகவரி. கடைக்காரர் வேகத்தில் தன் சொந்த மின்னஞ்சலையே எல்லோருக்கும் போட்டுவிடுவது வழக்கம். கேஸ் மானியத்துக்கு அது பரவாயில்லை. இங்கே முடிவு அந்தப் பெட்டிக்குத்தான் வரும், கெடுவும் வந்த நாளிலிருந்து எண்ணப்படும். உங்களுடைய, நீங்கள் தினமும் திறக்கிற முகவரியைக் கொடுங்கள். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

பேர் விழுந்த பிறகு விசா விண்ணப்பத்துக்கு உதவி வேண்டுமென்றால், ஆஸ்திரேலியாவுக்குப் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டுகளின் பட்டியல் அரசுத் தளத்திலேயே இருக்கிறது. பிரிட்டனில் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பு ஆலோசகர்களைப் பதிவு செய்கிறது. பெயரை அங்கே தேடிப் பாருங்கள். நம் பக்கத்தில் விவரம் கேட்க வேண்டுமென்றால் சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

பேர் விழுந்தால்: பிரிட்டன்

மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து 90 நாள். அதற்குள் விண்ணப்பம், கட்டணம், கைரேகை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கேட்க அதிகமாகத் தோன்றும், ஆனால் அதில் பணத்துக்கான 28 நாளும் அடக்கம்.

அந்த 28 நாள் என்ன? உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் 2,530 பவுண்ட், ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய், தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். அந்த 28ஆவது நாள், நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். ஒரே ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

நம் வீட்டுக் கணக்குகள் இதற்கு ஒத்துவருவதில்லை. சீட்டு எடுத்த பணம் வரும், அக்கா கல்யாணத்துக்குப் போகும், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் கூலி வரும், வட்டி எடுக்கும். ஸ்டேட்மென்ட்டில் பணம் மலையேறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் இதற்கென்று ஒரு சேமிப்புக் கணக்கைத் தனியாக வையுங்கள். மூன்று லட்சத்து முப்பதாயிரம் போட்டுவிட்டு ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். முப்பதாயிரம் எதற்கென்றால், ரூபாய் மதிப்பு நடுவில் சரிந்தாலும் தொகை கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. தானாகக் கழியும் இஎம்ஐ, காப்பீட்டுத் தவணை எதுவும் அந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் போட்டிருக்கும் பணத்தை ஒரு பெரிய வங்கிக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பு. நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுவதில் தப்பில்லை. ஆனால் கந்து வட்டிக்கு வாங்கி 28 நாள் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற யோசனையை விட்டுவிடுங்கள், அங்கே இறங்கியதும் சாப்பிட அந்தப் பணம்தான்.

விசா கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி 319 பவுண்ட். அதைவிடப் பெரிய அடி மருத்துவக் கூடுதல் கட்டணம்: ஆண்டுக்கு 776 என்று இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 1,552 பவுண்ட், முன்கூட்டியே கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் இந்தத் தொகை திரும்ப வரும். கட்டினால் அங்கே அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து, காட்ட வேண்டிய மூன்று லட்சம், விமானச் செலவு உட்பட, கையில் ஐந்தரையிலிருந்து ஆறு லட்சம் இல்லாமல் பிரிட்டனுக்கு இறங்க வேண்டாம் என்பது என் கணக்கு.

காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். பிரிட்டன் அரசு ஒப்புதல் தந்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், உங்கள் குடும்ப டாக்டரின் எக்ஸ்ரே செல்லாது. சான்று ஆறு மாதம் செல்லும். பட்டச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லையென்றால், பட்டம் பெற்றதை உறுதிசெய்யும் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். அது ஒரே நாளில் வரும் காகிதமல்ல, பேர் விழுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

காசநோய் மையம், கைரேகை இரண்டுக்கும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். சென்னை என்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸ் தோது. ஏற்காட்டுக்குப் போகாத அந்த ரயிலில் ராத்திரி சேலத்தில் ஏறினால் விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறங்கிவிடலாம். இரண்டு வேலைக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரேயில் ஏதாவது சந்தேகம் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவுக்கு வாரக்கணக்கில் ஆகும். எனவே பேர் விழுந்த முதல் வாரத்திலேயே காசநோய்ப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

பேர் விழுந்தால்: ஆஸ்திரேலியா

இங்கே கெடு 28 நாள்தான். எல்லாம் தயாராக இருந்தால் மட்டுமே சமாளிக்கலாம். ஐஇஎல்டிஎஸ் எழுதாதவர் பேர் விழுந்த பிறகு தேதி தேடிப் போனால் மூச்சு முட்டும். தேர்வுக் கட்டணம் 18,000 ரூபாய் பக்கம் ஆகும் என்பதால் விழுவதற்கு முன்பே எழுதப் பலர் தயங்குகிறார்கள், அது புரிகிறது. தேர்வு விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்துக்குள் எழுதியதாகவும் இருக்க வேண்டும். கல்லூரியின் ஆங்கில வழிக் கடிதம் கையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் தப்பிக்கிறார்கள்.

விசாக் கட்டணம் 2025 ஜூலை நிலவரப்படி 670 டாலர். கையிருப்பு 5,000 டாலர், கூடவே திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம். பிரிட்டனைப் போல 28 நாள் கணக்கு இல்லை, ஆனால் நேற்று வந்து விழுந்த ஐந்து லட்சத்தைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பெற்றோர் தந்தது என்றால் அவர்களின் கணக்கு விவரத்தையும் ஒரு கடிதத்தையும் இணையுங்கள். விண்ணப்பித்த பிறகு மருத்துவப் பரிசோதனைக்கும், கேட்டால் கைரேகைக்கும் போக வேண்டும். போலீஸ் நற்சான்று கேட்டால் பாஸ்போர்ட் சேவைத் தளத்திலேயே 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். மொத்தத்தில் நாலரை லட்சத்துக்குள் அடங்கும். மருத்துவக் காப்பீடு தனியாக எடுங்கள், அங்கே இலவச மருத்துவம் உங்களுக்குக் கிடையாது.

என்ன வேலை கிடைக்கும்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பி.இ. முடித்தவர் போனதும் இன்ஜினியர் வேலை கிடைக்கும் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஹோட்டல், காபிக் கடை, கிடங்கு, பண்ணை, துப்புரவு. இவைதான் முதல் மாதங்கள். ஆஸ்திரேலியாவில் ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது, சில தொழில்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனாலேயே பெரிய நிறுவனங்கள் தயங்கும். படிப்புக்கேற்ற வேலைதான் குறி என்பவருக்கு இரண்டு ஆண்டு தரும் பிரிட்டன் மேல் என்பது என் கருத்து. அங்கேயே ஸ்பான்சர் தரும் நிறுவனம் அமைந்தால் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு மாற வழியுண்டு. ஆனால் 2025 ஜூலைக்குப் பிறகு அதற்குப் பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்ட் சம்பளம் வேண்டும். யங் புரொபஷனல்ஸ் விசாவை நீட்டிக்க முடியாது, வாழ்நாளில் ஒரே முறைதான்.

சம்பளத்துக்குச் சட்டப்படி அடிமட்டம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 டாலர், தற்காலிக வேலைக்கு அதன்மேல் 25 சதவீதம். பிரிட்டனில் 21 வயது முதல் 2025 ஏப்ரல் நிலவரப்படி 12.21 பவுண்ட். ‘நம்ம ஊர்ப் பையன், பார்த்துக்கலாம் தம்பி’ என்று தோளில் கைபோட்டுப் பாதிச் சம்பளத்தை ரொக்கமாகத் தருகிற நம்மவர் கடைகளும் இருக்கத்தான் செய்கின்றன. பே ஸ்லிப் தராத இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காதீர்கள்.

போய் இறங்கியதும் ஆஸ்திரேலியாவில் வரி எண் வாங்குங்கள், இணையத்தில் இலவசம். இதற்கும் காசு கேட்கிற தளங்கள் உண்டு, ஏமாறாதீர்கள். முதலாளி இந்த விசாக்காரர்களை வேலைக்கு வைக்கப் பதிவு செய்திருந்தால் முதல் 45,000 டாலர் வரை வரி 15 சதவீதம். பிரிட்டனில் நேஷனல் இன்சூரன்ஸ் எண், அதாவது வேலை பார்ப்பவரின் வரி, காப்பீட்டுக் கணக்குக்கான எண், வேண்டும். வேலை கொடுப்பவர் உங்கள் அனுமதியைச் சரிபார்க்க, இ-விசா கணக்கிலிருந்து ஷேர் கோட் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் எந்த அரசு அலுவலகத்திலும் தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

இரண்டாம் ஆண்டும் 88 நாளும்

ஆஸ்திரேலியா முதல் ஆண்டோடு முடிய வேண்டியதில்லை. வட பகுதியிலோ குறிப்பிட்ட ஊர்ப்புறங்களிலோ பண்ணை வேலை போன்ற குறிப்பிட்ட வேலைகளை மூன்று மாதம், அதாவது 88 நாள், பார்த்தால் இரண்டாம் ஆண்டு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாம் ஆண்டில் ஆறு மாதம் அப்படிப் பார்த்தால் மூன்றாம் ஆண்டும் உண்டு.

சேலத்துக்காரருக்கு இதில் ஒரு சௌகரியம். இங்கே மாம்பழ சீசன் ஓய்ந்து சில மாதத்தில், செப்டம்பர் வாக்கில், டார்வின், கேத்தரீன் பக்கம் மாம்பழ அறுவடை தொடங்கிவிடும். காம்பு ஒடிந்ததும் வடியும் மாங்காய்ப் பால் தோலில் பட்டால் எப்படி வேகும் என்பது வாழப்பாடிப் பக்கத் தோப்புகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். ஏற்காட்டில் காபிப் பழம் பறித்துப் பழகிய கைகளுக்கும் அங்கே வேலை பிடிபட நாளாகாது, வெயில்தான் ஆளைப் படுத்தும்.

பண்ணைகளுக்குப் பேருந்து கிடையாது என்பதால் கார் ஓட்டத் தெரிந்தவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும். புறப்படுவதற்கு முன் இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும். எடை கணக்கில் கூலி பேசினாலும் மணிக்கணக்கு நேரத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து எடைக்கூலி ஆளுக்கும் மணிக்கு இவ்வளவு என்ற உத்தரவாதம் உண்டு. ஒவ்வொரு வாரத்துப் பே ஸ்லிப்பையும் கைபேசியில் போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். 88 நாளை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள், அப்போது பண்ணைக்காரர் போனை எடுப்பார் என்று சொல்ல முடியாது. ‘88 நாளுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், இவ்வளவு கொடு’ என்பவரிடம் மாட்டினால் இரண்டாம் விசாவும் போகும், இனி அந்த நாட்டுக்குப் போகும் வழியும் அடைபடும்.

கடைசியாக ஒரு பணம். அங்கே உங்கள் சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை முதலாளி சூப்பர் என்ற ஓய்வூதியக் கணக்கில் போட வேண்டும், நம் பி.எஃப். மாதிரி. நாட்டை விட்டு வெளியேறி விசாவும் முடிந்த பிறகு அதைக் கேட்டு வாங்கலாம். இந்த விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும், மிச்சம் உங்களுடையது. கொள்ளைதான், ஆனாலும் விட்டுவிட்டு வராதீர்கள். வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் எந்தச் சூப்பர் நிறுவனம், கணக்கு எண் என்ன என்று குறித்து வைத்துக்கொண்டு, பணம் வந்து சேரும் வரை அந்த நாட்டு வங்கிக் கணக்கை மூடாமல் வையுங்கள்.